எழுத்தும் தலையெழுத்தும்

மனித ஜீனோம் பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் 'உயிரின் புத்தகம்' என்ற உருவகத்தோடுதான் வருகிறார்கள். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன உருவகம் இது. 2000 ஜூன் 26 அன்று வெள்ளை மாளிகையில் கிளின்டன், கடவுள் உயிரைப் படைத்த மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்ற பொருள்படப் பேசினார். அங்கே அது அலங்காரம். தமிழில் அது அலங்காரமாக நிற்பதில்லை. இங்கே ஏற்கெனவே ஒரு சொல் காத்திருக்கிறது: தலையெழுத்து. உடம்புக்குள் நான்கு எழுத்துகளில் எழுதியிருக்கிறது என்ற மாத்திரத்தில், கேட்பவர் மனசில் பிரம்மா எழுத்தாணியை எடுத்துவிடுகிறார். பின்னாலேயே பிறவிக் குணமும் குலப் பெருமையும் வருகின்றன.

உருவகத்தைச் சோதிக்கக் கருவிகளைப் பார்க்க வேண்டும். படிக்கிறார்கள் என்றால், எப்படிப் படிக்கிறார்கள்?

1977ல் ஸாங்கர் வெளியிட்ட முறையில் யாரும் எதையும் நேராகப் படிப்பதில்லை. டி.என்.ஏ. இழையை ஒரு என்ஸைமைக் கொண்டு நகலெடுக்க விடுகிறார்கள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு மூலக்கூறுகளோடு, அவற்றில் ஒன்றின் ஊனமான வடிவத்தையும் கொஞ்சம் கலக்கிறார்கள். அது ஒட்டிக்கொண்டால் அதற்கு மேல் எதுவும் ஒட்டாது. நகல் அங்கேயே நின்றுவிடும். இப்படி நான்குக்கும் நான்கு குழாய்கள். வெவ்வேறு இடங்களில் நின்றுபோன நகல்களை ஜெல்லில் போட்டு மின்சாரம் செலுத்தினால் சிறியவை முந்தும், பெரியவை பின்தங்கும். அந்தக் கோடுகளைக் கீழிருந்து மேலாகப் பார்த்து வரிசையை எழுதிக்கொள்ள வேண்டும். இது வாசிப்பல்ல, முடியாமல் நின்றவற்றிலிருந்து செய்யும் அனுமானம்.

ஒரு தடவைக்குச் சில நூறு எழுத்துகள். ஜீனோமிலோ சுமார் 300 கோடி. ஆகவே துண்டாக்கி, ஓரங்கள் ஒத்துப்போகும் இடம் பார்த்துக் கோக்கிறார்கள். சிதைந்த ஏடுகளை அடுக்கிய பதிப்பாசிரியரின் இக்கட்டு இங்கேயும் உண்டு: ஒரே வரி ஆயிரம் தடவை வந்தால் துண்டை எங்கே வைப்பது? ஜீனோமில் ஏறத்தாழப் பாதி இப்படித் திரும்பத் திரும்ப வருவது. 2003ல் முடிந்தது என்று அறிவித்தபோதும் சுமார் 8 சதம் வெற்றிடமாக இருந்தது. நீண்ட துண்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகு 2022ல் அது நிரம்பியது; ஒய் குரோமோஸோம் 2023ல். அந்த வெற்றிடத்தில் கிடந்தவற்றில் சென்ட்ரோமியரும் உண்டு. செல் பிரியும்போது குரோமோஸோமை இழுத்துப் பிரிக்கும் பிடி அது. புரியாத பகுதியை முக்கியமில்லாதது என்று தாண்டிப்போகும் விமர்சகர்கள் இதைக் கவனிக்கலாம்.

சரி, யாருடைய புத்தகம்? உலகம் ஒப்பிட்டுப் பார்த்த 'மனித' வரிசையில் சுமார் 70 சதம், நியூயார்க் மாநிலத்து பஃபலோவில் பத்திரிகை விளம்பரம் பார்த்து ரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஒருவருடையது. 2022ல் முழுமையானது ஒரு மனிதனுடையதே அல்ல. குழந்தையாகாத முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஒன்றிலிருந்து வளர்த்த செல்கள். தந்தை வழி டி.என்.ஏ. மட்டும் இரட்டித்தவை. இரண்டு பிரதியும் ஒன்றாக இருந்ததால் கோப்பது சுலபமாயிற்று. 2023ல் 47 பேரின் வரிசைகளைச் சேர்த்து வைத்தார்கள். மூலப்பிரதி என்று ஒன்று இல்லை, பாடபேதங்கள்தான் உண்டு என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

எழுதினபடி நடக்கிறதா? உயரம் என்ற ஒன்றுக்கே ஏறத்தாழ 12,000 இடங்களை 2022ல் கண்டார்கள். பெரும்பாலானவற்றின் பங்கு அற்பம். சோறும் நோயும் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன. ஹன்டிங்டன் நோய் வேறு. 1993ல் கண்ட அந்த ஜீனில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து 40 தடவைக்கு மேல் திரும்ப வந்தால், ஆயுள் இருக்கும்பட்சத்தில் நோய் அநேகமாக நிச்சயம். அது விதிவிலக்கு. அதை வைத்து விதி பேச முடியாது.

உருவகம் இல்லாமல் எழுத முடியாது என்பது தெரியும். 'எழுத்து' என்று நானும் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் இரண்டு மனிதர்களை ஒப்பிட்டால் சுமார் ஆயிரத்துக்கு ஒரு எழுத்துதான் மாறும் என்பதை விட்டுவிட்டு, 'எழுதியிருக்கிறது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நாளைக்கு ஒருவர் ஜாதிக்கு விஞ்ஞானம் சொல்ல வருவார். அவருக்குச் சொல்லைத் தயாராக எடுத்துக் கொடுப்பது நாமாக இருக்க வேண்டாம்.