பத்து ரூபாய்ப் படிவம்

அரசாங்கப் படிவங்களை யாரும் ஒரு பிரதியாகப் படிப்பதில்லை. நான் படிக்கிறேன். ஒரு படிவம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது, பதிலுக்கு எத்தனை கட்டங்கள் ஒதுக்குகிறது என்று பார்த்தாலே, அதைத் தயாரித்தவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பெண்ணுடலைப் பற்றி இன்று நம் வீடுகளுக்குள் வந்துபோகும் பிரதிகளில் முக்கியமானது என்று நான் நினைப்பது ஒரு கதையோ கவிதையோ அல்ல. களப்பணியாளர்கள் ‘சிபேக்’ என்று சுருக்கிச் சொல்லும் மதிப்பீட்டுப் படிவம். ஒன்றிய அரசின் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில், முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் இதை நிரப்ப வேண்டும். ஆஷா பணியாளர் வீடு வீடாகப் போய் நிரப்புகிறார். ஒரு படிவத்துக்கு அவருக்கு ஊக்கத்தொகை பத்து ரூபாய்.

படிவம் வயதில் தொடங்குகிறது. புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு (பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரை மதிப்பெண் இல்லை, அதைத் தாண்டினால் உண்டு), உடலுழைப்பு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இருக்கிறதா என்ற கேள்வி. பிறகு நோய்க்குறிகள். பெண்களுக்கு மட்டும் தனியே ஒரு பட்டியல்: மார்பில் கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, மாதவிலக்குக்கு இடையில் உதிரம், மாதவிலக்கு நின்றபின் உதிரம், உடலுறவுக்குப் பின் உதிரம், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல். அடுத்து அடுப்பைப் பற்றிய கேள்வி: விறகா, வறட்டியா, நிலக்கரியா, மண்ணெண்ணெயா, எரிவாயுவா? கடைசிப் பகுதியில், மனதைப் பற்றி இரண்டே இரண்டு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா? சோர்வாக, மனம் ஒடிந்து, நம்பிக்கையற்று இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண்.

அடுப்பை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் படிவம், அந்த அடுப்பின் முன்னால் நிற்பவளை யாராவது அடிக்கிறார்களா என்று கேட்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது அரசாங்கமே எடுத்த கணக்கு. ஒரு கையால் எடுத்த கணக்கு மறுகையிலுள்ள படிவத்துக்குத் தெரியவில்லை. 2021ஆம் ஆண்டு இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 45,026 பெண்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள் என்கிறது தேசியக் குற்றப் பதிவு ஆவணக் கூடம். பாதிக்கும் மேல். சிபேக் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஷா தேடிப்போவது அதே பெண்களைத்தான்.

முதல் மனநலக் கேள்வியைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். ‘செய்யும் காரியங்களில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?’ காலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பவள் அதை ஆர்வத்தோடா செய்கிறாள்? ஆர்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தே தீர வேண்டியதுதான் அவளுடைய நாள். ஆர்வம் குறைந்தது என்று சொல்ல, முன்பு ஒருகாலத்தில் ஆர்வம் கேட்கப்பட்டிருக்க வேண்டும். அலுவலகம், பொழுதுபோக்கு, விடுமுறை என்று வாழ்க்கை பிரிந்து கிடக்கும் ஓர் ஆளை மனதில் வைத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கேள்வி இது.

அந்தக் கேள்வி எங்கே கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கிராமத்தில் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதை நான் பார்த்தேன். கேட்டவர் முப்பது வயதுப் பெண்; பதில் சொல்ல வேண்டியவள் அவரைவிடச் சற்று மூத்தவள்; பக்கத்தில் மாமியார். உடலுறவுக்குப் பின் உதிரம் உண்டா என்ற வரியைக் கேட்டவர் வாய்விட்டுப் படிக்கவே இல்லை. ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு கீழே போனார். “மனசு சரியில்லாம இருந்துச்சாக்கா, ரெண்டு வாரமா?” என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்: “அவளுக்கென்ன கொறச்சல்? நல்லாத்தான் இருக்கா. இல்லைன்னு எழுதிக்கம்மா.” மருமகள் சிரித்தாள். பூஜ்யம், பூஜ்யம். அந்தப் பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்று அவருக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. தனியாகப் பேச ஓர் அறையோ, பேசுவதற்கான பயிற்சியோ, பேசிய பிறகு அந்தப் பெண்ணை அழைத்துப்போக ஓர் இடமோ, எதையும் அந்தப் பத்து ரூபாய் அவருக்குத் தரவில்லை.

கூட்டுத்தொகை மூன்றுக்கு மேல் இருந்தால் சுகாதார அலுவலரிடமோ மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும் என்கிறது படிவம். இந்த இரண்டு கேள்விகளை முதலில் வகுத்தவர்கள் பரிந்துரைத்த எல்லை மூன்று. மூன்றா, மூன்றுக்கு மேலா என்பது அச்சுக்கூடத்து விவகாரம்போலத் தோன்றலாம். சரியாக மூன்று மதிப்பெண் வாங்கியவளுக்கு அது அப்படியல்ல. அவளை யாரும் எங்கும் அனுப்ப மாட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது, படிவமே வேண்டாம் என்கிறார்கள் சில தோழிகள். பெண்ணுடலை அரசு எண்ணுவதே ஒரு கண்காணிப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் தொடங்கியதன் தொடர்ச்சி என்பது அவர்கள் வாதம். அந்த வரலாறு எனக்கும் தெரியும். ஆனாலும் அவர்களோடு நான் உடன்படவில்லை. காரணம், திண்டுக்கல்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதல்ல. புற்றாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே செல்களில் மாற்றம் தெரியும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகர் என்று நமக்குத் தெரிந்ததையே, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் அந்த இடம் வெளுத்துக் காட்டும். பெரிய ஆய்வகம் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியர் போதும். இது உயிர்களைக் காக்குமா என்று அறிய 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் 114 பகுதிகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. முப்பது முதல் 59 வயது வரையான பெண்கள். பாதிப் பகுதிகளில் பரிசோதனை. மறுபாதியில் பரிசோதனை இல்லை, வழக்கமான கவனிப்பு மட்டும்.

2007இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனை. அதைச் செய்தவர்கள் நம் ஊர்ச் செவிலியர்கள். உலகின் பல ஏழை நாடுகளுக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு இது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: பரிசோதனை கிடைக்காத 30,958 பெண்களின் குழுவில் 92 பேர் இந்நோயால் இறந்திருந்தார்கள்.

மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாதிலும் இதே காலத்தில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்தால், பரிசோதனை மறுக்கப்பட்ட பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் இறந்ததை அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா 2014இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதியபோது பெரும் விவாதம் எழுந்தது. ஆய்வாளர்கள் சொன்ன பதில்: அன்று இந்தியாவில் இதற்கான அரசுத் திட்டம் எதுவும் இல்லை, ஆகவே பரிசோதிக்காமல் இருப்பதுதான் இந்நாட்டின் வழக்கமான கவனிப்பு, அந்தப் பெண்கள் ஆய்வில் சேராவிட்டாலும் அவர்களுக்கு அதுதான் கிடைத்திருக்கும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. என்னை உறுத்துவது அதுதான். அரசு தன் பெண்களுக்கு எதுவும் செய்யாமல் இருந்தது. அந்த ஒன்றுமில்லாமையே அறிவியலுக்கு அளவுகோலாக ஆயிற்று. மேல்நாட்டில் இப்படி ஒரு கட்டுப்பாட்டுக் குழுவை வைத்திருக்க முடியாது, ஏனென்றால் அங்கே செல் பரிசோதனை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. நம்முடைய அலட்சியம்தான் நம்மை ஆய்வுக்குத் தகுதியானவர்கள் ஆக்கியது.

ஆகவே படிவமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வினிகரும் ஒரு செவிலியரும் இருந்தால் போதும் என்பதை உலகுக்கு நிரூபிக்கத் திண்டுக்கல் பெண்கள் கொடுத்த விலை பெரியது. அவர்களுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது.

அந்த ஆய்வில் என்னை மீண்டும் மீண்டும் நிறுத்துவது வேறொரு வரி. பரிசோதிக்கப்பட்ட 31,343 பெண்களில் 3,088 பேருக்கு வெளுப்புத் தெரிந்தது. அவர்களில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவியால் அடுத்தகட்டப் பரிசோதனை நடந்தது. முப்பத்தாறு பேர்தான் விடுபட்டார்கள். கூலி வேலைக்குப் போகிற, பேருந்து எப்போது வரும் என்று தெரியாத கிராமங்களில், இருபதாண்டுகளுக்கு முன்னால்! பெண்கள் அறியாமையால் வருவதில்லை, வெட்கத்தால் வருவதில்லை என்று சுகாதாரத் துறைக் கூட்டங்களில் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெண்ணும் ஒரு தரவாக மதிப்புப் பெற்றபோது ஒவ்வொருத்தியும் பின்தொடரப்பட்டாள். அந்த ஆய்விலும் புற்றுக்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனை மேசைக்கும் சிகிச்சைக்கும் இடையிலுள்ள தூரத்தில், அவ்வளவு கவனிப்பிலும்கூட, நான்கில் ஒரு பங்குக்கு மேல் நழுவிவிட்டது.

ஆய்வு ஆட்கள் போன பிறகு அந்தத் தூரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? தமிழ்நாடு மற்ற மாநிலங்களைப்போலச் சும்மா இருந்துவிடவில்லை. 2007இலேயே தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுதும் விரித்தது. ஒன்றிய அரசு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டதே 2016இல்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் 2024இல் ஐ.நா. விருது பெற்றது. வீட்டு வாசலுக்கு மாத்திரை வருவது எத்தனை வயதான பெண்களுக்கு நிம்மதி என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இருந்தும் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், முப்பது முதல் 49 வயது வரையான தமிழ்நாட்டுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் 1.9. ஐந்து மடங்கு மேல் என்று பெருமைப்படலாம், பெருமைப்படவும் செய்கிறார்கள். ‘வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை’ என்பதுதான் அந்தக் கேள்வி. என்ன முடிவு வந்தது, அதன்பிறகு என்ன ஆயிற்று என்று கேள்வி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் எட்டச் சொல்லும் இலக்கு மூன்று எண்கள்: பதினைந்து வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 விழுக்காடு பெண்களுக்குப் பரிசோதனை, பாதிப்புக் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. தடுப்பூசியையும் பரிசோதனையையும் அமைச்சர் மேடையில் அறிவிக்கலாம். மூன்றாவதை அறிவிக்க முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பெயர் பெயராகப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். அரசின் மேற்பார்வை என்று நான் எதிர்பார்ப்பது அந்தப் பின்தொடர்தலை. இப்போது நடப்பது இலக்கு எட்டப்பட்டதா என்ற கணக்கு.

வெளுப்பு இருக்கிறது என்று சொல்லப்பட்ட பெண்ணுக்குக் காதில் விழுவது ‘புத்து’ என்ற ஒரே சொல். இது பாலுறவின் வழியே பரவும் கிருமியால் வருவது என்று அரைகுறையாகத் தெரிந்துவிட்டால், வீட்டில் அடுத்து எழுவது நோயைப் பற்றிய கேள்வி அல்ல, ‘யாருகிட்டருந்து வந்துச்சு?’ என்பது. கணவனிடமிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லித்தர அங்கே யாரும் இல்லை. திசுப் பரிசோதனை முடிவு வரும்வரை அவள் யாரிடமும் சொல்லாமல் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். இந்த நாட்களில் அவளுக்கு ஒரு துணை வேண்டும் என்பது பரிசோதனைத் திட்டத்தின் ஒரு பகுதி. வேறு துறை, வேறு திட்டம், வேறு மாடிக் கட்டடம் என்று தள்ளிவிட முடியாது. படிவத்திலோ இரண்டும் ஒரே தாளில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. உதிரம் போகிறது என்றவளிடம் அதனால் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. மனம் ஒடிந்திருக்கிறது என்றவளிடம், ஏதாவது முடிவுக்காகக் காத்திருக்கிறாயா என்று கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. 14416 என்ற எண்ணில் 2022 அக்டோபர் முதல் தொலைபேசி ஆலோசனையும் உண்டு. நல்ல சேவை, இரவில்கூடக் கிடைக்கும். ஆனால் அங்கே அழைப்பைத் தொடங்க வேண்டியவள் அவள்தான். தனக்கென்று பயன்படுத்தும் கைபேசி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது, கைபேசி இருப்பவளுக்கும் திண்ணையில் மாமியார் இருக்கிறார்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு தாளில் இவற்றைக் கேளுங்கள். கடந்த நிதியாண்டில் கருப்பை வாய்ப் பரிசோதனையில் பாதிப்புத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் அடுத்தகட்டப் பரிசோதனைக்குப் போனவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளில்? சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர்? போகாதவர்களின் வீட்டுக்கு மீண்டும் யார் போனார்கள்? சிபேக் படிவத்தின் மனநலப் பகுதியில் மூன்றும் அதற்கு மேலும் பெற்ற பெண்கள் எத்தனை பேர், அவர்களில் ஆலோசகர் ஒருவரையாவது நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? வட்டார வாரியாகக் கேளுங்கள். மாவட்ட மொத்தம் என்று ஒற்றை எண் வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.