அரிமா நெஞ்சனும் அவன் நாட்டுக் குடிகளும்

இலண்டன் மாநகரில், வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன், குதிரைமீது அமர்ந்து வாளை உயர்த்திய ஓர் அரசனின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1860இல் அங்கு நிறுவப்பெற்ற அச்சிலை முதலாம் ரிச்சர்டு மன்னனுடையது. ‘அரிமா நெஞ்சன்’ என்பது அவனுக்கு வழங்கும் சிறப்புப் பெயர். வால்ட்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ என்னும் புதினம் அப்பெயரை உலகெங்கும் பரப்பிற்று. அதில் ரிச்சர்டு, கருங்கவச வீரனாக உருமறைந்து நாடு திரும்புகிறான்; கொடியோரை ஒடுக்குகிறான்; குடிகளின் துயர் துடைக்கிறான். கதை காட்டும் இம்மன்னனும் வரலாறு காட்டும் மன்னனும் ஒருவர்தாமா என்பது ஆராயத்தக்கது.

1189 செப்டம்பர் 3ஆம் நாள் முடிசூடிய ரிச்சர்டு, 1199 ஏப்ரல் 6ஆம் நாள் அம்புக் காயத்தால் மாண்டான். ஏறத்தாழப் பத்தாண்டு நீடித்த அவ்வாட்சியில், அவன் இங்கிலாந்து மண்ணில் தங்கியது ஆறு திங்களளவே. சிலுவைப் போருக்குப் பொருள் திரட்டுவதே அவன் மேற்கொண்ட முதற்பணி. அரசுப் பதவிகள் விலைபோயின. அவன் தந்தை இரண்டாம் ஹென்றி 1174இல் ஸ்காட்லாந்தின்மீது பெற்ற மேலாண்மையும் 10,000 மார்க்குக்கு விடப்பட்டது. ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு.

முடிசூட்டு நாளிலேயே இலண்டனில் யூதர்மீது கும்பல் பாய்ந்தது. யூதரைத் துன்புறுத்தலாகாது என மன்னன் ஆணையிட்டான். ஆனால், ஆணையிட்டவன் டிசம்பரில் கடல் கடந்துவிட்டான். 1190 மார்ச்சில், யார்க் நகரத்து அரச கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். கலகத்தை முன்னின்று நடத்தியோருள் யூதரிடம் கடன்பட்ட பெருங்குடியினரும் இருந்தனர். பேராலயத்தில் காக்கப்பெற்ற கடன் பத்திரங்களை அவர்கள் எரித்து அழித்தது, கலகத்தின் நோக்கத்தை விளக்கப் போதிய சான்றாகும்.

போரிலிருந்து மன்னன் கொண்டுவந்தது என்ன? 1192 உடன்படிக்கையின்படி எருசலேம் நகர் சலாவுதீன் கையிலேயே நின்றது. கிறித்தவ யாத்திரிகர் அங்கு செல்லும் உரிமை மட்டும் கிடைத்தது. திரும்பும் வழியில் ரிச்சர்டு வியன்னாவுக்கு அருகில் சிறைப்பட்டான். அவனுக்கு விதிக்கப்பட்ட மீட்புத் தொகை 150,000 மார்க். அதற்கென வருவாயிலும் அசையும் பொருளிலும் நான்கில் ஒரு பங்கு கேட்கப்பட்டது. கோயில்களின் பொன் வெள்ளிக் கலங்களும், சிஸ்டர்சியத் துறவியரின் ஓராண்டுக் கம்பளி மயிரும் பறிபோயின. 1194 பிப்ரவரியில் விடுதலை பெற்றவன், மே திங்களில் பிரான்சுப் போருக்கென மீண்டும் கடல் கடந்தான். இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1196இல், வரிச்சுமை ஏழைகளின் தோளிலேயே ஏற்றப்படுகிறது என்று இலண்டனில் குரலெழுப்பிய வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பர்ட் தூக்கிலிடப்பட்டான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்டீவன் ரன்சிமான் ரிச்சர்டை வீரனாகப் போற்றி, அரசனாகத் தாழ்த்தினார். பின்வந்த ஜான் கில்லிங்காம் அத்தீர்ப்பை மறுத்தார். ரிச்சர்டின் நாடு இங்கிலாந்து மட்டுமன்று, நார்மண்டியிலிருந்து பிரனீசு மலைவரை பரந்தது என்பது அவர் வாதம். அது பொருந்துவதே. ஊபர்ட் வால்ட்டர் என்னும் திறமிக்க அமைச்சரைத் தேர்ந்ததும் மன்னனுக்குப் பெருமையே. 1194இல் மாவட்டந்தோறும் மூன்று வீரரும் ஓர் எழுத்தரும் அரசு வழக்குகளைக் குறித்துவைக்க ஏற்பாடாயிற்று. மரண விசாரணை அதிகாரி பதவி அதிலிருந்தே தோன்றியது. 1195இல் நில உடன்படிக்கைகளுக்கு மூன்று படிகள் எழுதி, ஒன்றைக் கருவூலத்தில் காக்கும் முறை வந்தது. நகரங்கள் பலவும் பணம் செலுத்தித் தன்னாட்சி உரிமை பெற்றன.

எனினும், இந்நலன்கள் மன்னனின் குடியோம்பும் எண்ணத்தில் விளைந்தவை எனல் பொருந்தாது. ஆட்சிப்பொறி வலுப்பெற்றது அவனுக்குப் பணம் வேண்டியிருந்ததால்; நகரங்கள் உரிமை பெற்றது அவன் அதனை விற்றதால். 1204இல் நார்மண்டியை இழந்த பழி தம்பி ஜான்மீது விழுந்தது. 1215இல் பெருங்குடியினர் ஜானிடம் பெற்ற மகா சாசனம், நாட்டின் பொது ஆலோசனையின்றிச் சில வரிகளை விதித்தலாகாது என்றது. அக்குமுறைக்குரிய சுமை ஜான் காலத்தில் மட்டும் ஏறியதன்று. அச்சாசனமும் மன்னனை மீட்கும் தொகைக்கு விலக்களித்தது நோக்கத்தக்கது.

‘ஐவன்ஹோ’ சுவைமிக்க புதினம் என்பதில் ஐயமில்லை. அதனைக் கற்பிப்போர், குடிகளின் குறைதீர்க்க வந்த கருங்கவச வீரனோடு, அவனை மீட்கத் தம் பொருளில் நான்கில் ஒரு பங்கை ஈந்த குடிகளையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். வரி விதிக்க மக்களின் இசைவு வேண்டும் என்னும் மன்றத்தின் முன்னேதான், இசைவு கேளாமல் வரி தண்டியவனின் சிலை இன்றும் வாளேந்தி நிற்கிறது.