பொன்னுருவி எப்போது அழுகிறாள்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் கருமாதிக்கு முந்தின இரவு 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பார்கள். கர்ணனுக்காக அழுகிற சாக்கில் விடியவிடியத் தன் வீட்டுச் சாவுக்கு அழுகிறது ஊர். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பொன்னுருவியைப் பற்றிப் பேசியாக வேண்டும். தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்கிறவள் அவள். போருக்குப் புறப்படும்போது, தான் குந்தியின் பிள்ளை என்கிறான் அவன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அன்பும் அழுகையும் பொங்குகின்றன. தேரோட்டி மகனாகவே செத்திருந்தால் அவனுக்கு அழ யார்? சாதியைக் கேள்வி கேட்கும் கூத்து, இந்த இடத்தில் சாதியிடமே சான்றிதழ் வாங்குகிறது.

இன்னொன்று. வீட்டுக்குள் ஒப்பாரி பெண்களுடையது. செத்தவரின் வம்சம், பட்ட கடன், இவள் வாங்கிய அடி எல்லாம் அதில் வரும். வாசலில் பொன்னுருவியாகப் புலம்புவதோ பெரும்பாலும் சேலை கட்டிய ஆண். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002இல் தொடங்கிய குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கட்டைக்கூத்து கற்றுத்தந்தது. அவர்கள் கர்ணனாகவும் கட்டை கட்டி ஆடட்டும். எனக்கு ஆசை வேறு: அவர்களில் ஒருத்தி பொன்னுருவியாக வந்து, குந்தியின் பெயர் சொல்லப்படுவதற்கு முன்பே அழ வேண்டும்.