மந்தை என்ற சொல்

மந்தை என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் உபயோகித்திருக்கும் அளவுக்கு ஆடு மேய்ப்பவர்கள்கூட உபயோகித்திருக்க மாட்டார்கள். வெகுஜனப் பத்திரிகை வாசகன் மந்தை, கட்சிக்காரன் மந்தை, சினிமா பார்க்கிறவன் மந்தை. சொன்ன மாத்திரத்தில் சொன்னவன் மந்தைக்கு வெளியே வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கையின் செல்லுபடியைப் பார்க்க ஸாலமன் ஆஷின் பரிசோதனை உதவும். நம்மில் பலர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கேள்விப்பட்ட விதத்தில்தான் கோளாறு.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு அட்டையில் ஒரு கோட்டையும் இன்னொன்றில் மூன்று கோடுகளையும் காட்டினார் ஆஷ். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம்? குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் ஒருவனைத் தவிர மற்ற அனைவரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12-ல் அவர்கள் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொல்வார்கள். விஷயம் தெரியாதவன் அதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் பதிலைச் சொல்ல வேண்டும். தனியாக விட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறாத இந்தக் காரியத்தில், 123 பேர் தந்த பதில்களில் 36.8 சதவீதம் பெரும்பான்மையின் தவறோடு சேர்ந்துகொண்டன.

பாடப் புத்தகங்கள் இந்த எண்ணோடு நின்று, மனிதன் ஆடு என்று முடிவு கட்டின. மீதி 63 சதவீதம் எங்கே போயிற்று? நாலில் ஒருவன் ஒரு தடவைகூட வளையவில்லை என்பது என்னவாயிற்று? 1956-ல் ஆஷ் வெளியிட்ட ஆய்வின் தலைப்பில் சுயேச்சை என்ற சொல்தான் முதலில் வருகிறது. இணங்கிப்போதல் அதற்குப் பிறகு. 1990-ல் ஃப்ரெண்ட், ராஃபர்ட்டி, ப்ராமெல் ஆகிய மூவர் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, வருஷம் செல்லச் செல்ல அவை சுயேச்சையை அமுக்கி இணக்கத்தையே பெரிதாக்கி வந்திருப்பதைக் காட்டினார்கள். (ஒரு பாடப் புத்தகம் மற்றதைப் பார்த்துத்தான் எழுதப்படுகிறது போலும்.)

என்னை நிறுத்திய இடம் சதவீதங்கள் அல்ல. பரிசோதனை முடிந்ததும் ஆஷ் ஒவ்வொருவனிடமும் பேசினார். என் கண்தான் தப்பு, அவர்கள் சரி என்றவர்கள் உண்டு. உங்கள் ஆய்வைக் கெடுக்க வேண்டாமென்று பார்த்தேன் என்றவர்கள் உண்டு. இன்னொரு வகையினர், மற்றவர்கள் ஆட்டுமந்தை, முதலில் பேசியவனைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று சந்தேகித்தவர்கள். சந்தேகித்துவிட்டு, தம் முறை வந்ததும் அதே தவறான கோட்டைச் சொன்னவர்கள். மந்தை என்று கண்டுகொண்டது இவர்களை விடுவிக்கவில்லை. வளைந்தவர்கள் எல்லோருமே, தாம் எத்தனை தடவை வளைந்தோம் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வளையாதவர்கள் பிறரைப் பொருட்படுத்தாத அலட்சியக்காரர்களாக இருப்பார்கள் என்று, நம் சுபாவப்படி, எதிர்பார்ப்போம். அப்படியில்லை. அவர்களும் கலங்கியிருக்கிறார்கள். இத்தனை பேர் வேறு மாதிரிச் சொன்னால் அதில் ஏதோ இருக்க வேண்டுமென்று தயங்கியிருக்கிறார்கள். அந்தக் கலக்கத்திலிருந்து மீண்டு, கண் பார்த்த கோட்டுக்குத் திரும்பிவர அவர்களால் முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆஷ் 1907-ல் வார்சாவில் பிறந்து, 1920-ல் நியூயார்க் வந்தவர். சிறுவயதில் யூதர்களின் பாஸ்கா இரவொன்றில் எலியா தீர்க்கதரிசிக்கென்று தனியாக ஒரு கோப்பையில் மது ஊற்றி வைத்ததையும், தீர்க்கதரிசி வந்து ஒரு வாய் குடிப்பார், உற்றுப் பார் என்று மாமா சொன்னதையும், பார்த்துக்கொண்டேயிருந்த தனக்கு மது கொஞ்சம் குறைந்தது போலவே பட்டதையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இதில் பயம் எங்கே இருக்கிறது? நம்பத் தகுந்தவர்கள் பார்க்கச் சொன்னதை ஒரு பையன் பார்க்கிறான். உலகத்தின் பெரும்பகுதியை நாம் தெரிந்துகொண்டது இப்படித்தான். இணங்கிப்போவதெல்லாம் கோழைத்தனம் என்று வைத்துக்கொண்டால், மரியாதையின் வழியாக உள்ளே வரும் தவறு நமக்குப் பிடிபடாமலே போய்விடும்.

இலக்கியத்தில் சிக்கல் இன்னும் அதிகம். கோட்டை அளக்கலாம், கவிதையை எதை வைத்து அளப்பது? 1935-ல் முஸஃபர் ஷெரீஃப் இருட்டறையில் காட்டிய ஒளிப்புள்ளிக்குத்தான் கவிதை அதிக நெருக்கம். அசையாத புள்ளி அசைவதாகத் தோன்றும். எவ்வளவு தூரம் என்று கூட்டாகச் சொல்லச் சொல்ல, ஆளுக்கொன்றாக இருந்த அளவுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். பிறகு தனியே உட்காரவைத்தாலும் அவனவன் கூட்டத்தின் அளவையே ஒட்டிச் சொன்னான். வீட்டில் தனியாகப் படிப்பதால் மட்டும் தனியாகப் படித்ததாக ஆகிவிடாது.

பெரும்பான்மைக்கு மூன்று பேர் போதும், அதற்குமேல் ஆள் சேர்ப்பதால் பெரிய மாற்றமில்லை என்றும் ஆஷ் கண்டார். நம் கூட்டங்களுக்கு வருபவர்களின் எண்ணிக்கைக்கு இது வசதியாகவே பொருந்துகிறது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு மொட்டை மாடிக் கூட்டத்தில் முதல் தொகுப்பு ஒன்றைப் பற்றிப் பேச்சு. எழுதியவர் வரவில்லை. எங்களில் மூத்தவர், மொழியில் இறுக்கமில்லை என்று ஆரம்பித்தார். அடுத்தவரும் இறுக்கமில்லை என்றார். அதற்கடுத்தவரும். இவர்கள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது, மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தத் தொகுப்பில் இரண்டு கவிதைகள் என்னைத் தூங்கவிடாமல் செய்திருந்தன. என் முறை வந்தது. இறுக்கம் போதாது என்றேன். 'போதாது' என்று மாற்றிச் சொன்னதில் ஒரு சுயேச்சை இருப்பதாகக்கூட அப்போது நினைத்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒரே ஒருவன் உள்ளதை உள்ளபடி சொன்னால், ஆஷின் அறையில் தவறுகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்த ஒருவன் வேலையிருக்கிறதென்று பாதியில் எழுந்து போனபோதுகூட அவன் தந்த பலம் ஓரளவு மிஞ்சியது. அவனே பெரும்பான்மையோடு போய்ச் சேர்ந்துகொண்டபோது மிஞ்சவில்லை. மொட்டை மாடியில் எனக்கடுத்துப் பேச இருந்தவர் ஒரு இளைஞர், எங்களுக்குப் புதியவர். புத்தகத்தில் நாலைந்து இடங்களில் காகிதத் துண்டுகள் செருகி வைத்திருந்தார். நான் முடித்ததும் அவரும் இறுக்கமில்லை என்றார். துண்டு வைத்த பக்கங்கள் எவை என்று நான் கேட்கவில்லை.

தொகுப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு கவிதைகளைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.