ஐஸ் ஹவுஸ்: ஒன்பது நாளும் மிச்ச வருடங்களும்

சென்னையில் ஆட்டோக்காரரிடம் விவேகானந்தர் இல்லம் என்று சொல்லிப் பாருங்க. "ஐஸ் ஹவுஸா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். 1963இல் பெயர் மாறியது, வாய்ப்பேச்சு மாறவில்லை.

இந்தக் கட்டிடத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. முதலில் ஐஸ், கொஞ்சம் வேடிக்கையாக. பிறகு 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கிய ஒன்பது நாள், விரிவாக. கடைசியில் "சிலகாலம் விதவையர் விடுதியாகவும் இருந்தது" என்று ஒரு வரி. அந்த "ஆகவும்"தான் எனக்கு உறுத்துகிறது.

ஐஸ் வேடிக்கை இல்லை. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டியூடர், அங்குள்ள ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். வழியில் கரைந்ததுபோக மிச்சத்தைக் காப்பாற்ற 1842இல் எழுந்த கிடங்கு இது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கட்டியவை போய்விட்டன. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. பின்னால் வாங்கியவர் வக்கீல் பிலிகிரி ஐயங்கார். வெயிலே நுழையக் கூடாது என்று கட்டியதில் மனுஷன் குடியிருக்கணுமே! ஜன்னல், வட்டத் தாழ்வாரம் எல்லாம் வைத்து, நீதிபதி கெர்னன் பெயரால் 'காசில் கெர்னன்' ஆக்கினார். நாம் இன்று படம் எடுப்பது ஐயங்கார் திருத்திய வீட்டைத்தான். ராமகிருஷ்ணானந்தர் மடம் தொடங்கியதும் இங்கேதான். ஐயங்கார் காலத்துக்குப் பிறகு 1906இல் வீடு ஏலம் போனது, மடம் மயிலாப்பூருக்குப் போனது.

அப்புறம் சகோதரி சுப்பலட்சுமி வந்தார். தாமே பால்ய விதவை, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். எழும்பூரில் தொடங்கிய அவருடைய முயற்சி பிறகு இந்தக் கடற்கரைக் கட்டிடத்துக்கு வந்தது. எதிரே வந்தாலே அபசகுனம் என்று பின்கட்டில் ஒதுக்கப்பட்ட சிறுமிகள் இங்கே தங்கிப் படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள். பெரும்பாலும் பிராமணப் பெண்களுக்கான ஏற்பாடு என்ற குறையும் உண்டு. அதையும் எழுத வேண்டியதுதானே? ஒற்றை வரியில் பெருமைக்கும் இடமில்லை, விமர்சனத்துக்கும் இடமில்லை. பெண் கல்வியை வலியுறுத்திய விவேகானந்தரின் பெயரிலுள்ள கட்டிடத்துக்கே இந்த நிலைமை.

என் பாட்டி ஒரு டீச்சரைப் பற்றி "ஐஸ் ஹவுஸ்ல படிச்சவ" என்பாள், குரலில் கொஞ்சம் மரியாதையோடு. அந்த அம்மாள் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.