நாண் பற்றிய அத்தியாயம்

வில்வித்தை குறித்து அரபு மொழியில் எழுந்த நூல்களைப் பற்றி நம்மிடையே பேச்செழும்போதெல்லாம், அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனமும் அம்பெய்தலின் சிறப்புரைக்கும் நபிமொழிகளுமே எடுத்துக்காட்டப்படுகின்றன. அவை அந்நூல்களின் வாயில். வாயிலைக் கண்ட மகிழ்ச்சியோடு நாம் திரும்பிவிடுகிறோம், உள்ளே நுழைவதில்லை.

கி.பி. 1500ஐ ஒட்டி மொராக்கோவைச் சேர்ந்த, பெயர் அறியப்படாத ஒருவர் இயற்றிய நூலொன்றின் கையெழுத்துப் பிரதி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உள்ளது. நபீஹ் அமீன் ஃபாரிஸும் ராபர்ட் எல்மரும் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து 1945இல் வெளியிட்டனர். முன்னவர் அரபு அறிஞர். பின்னவர் தேர்ந்த வில்லாளி. இவ்விருவர் கூட்டின் அருமை, நாண் போன்ற நுட்பங்களைப் பேசும் பகுதிகளில்தான் விளங்குகிறது.

நாண் வெறும் கயிறன்று. தோல் நாண் வறண்ட வெப்ப நிலத்தில் உறுதியாக நிற்கும். ஈரம் பட்டால் தளர்ந்து நீளும். பட்டு, ஈரத்தில் சற்றே வலிமை குன்றினும், தோலைப்போல் தளர்வதில்லை, எடையும் குறைவு. எய்யும்போது நாணின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அம்பின் எடையோடு சேர்ந்தாற்போல வில்லுக்குச் சுமையாகிறது என்பது பிற்கால இயற்பியலின் கணிப்பு. எனவே நாண் தடித்தால் அம்பின் வேகம் குறையும். மெலிந்தால் நாணே அறும். வில்லின் வலிமைக்கேற்ப நாணைத் தேர்க என்னும் பழைய விதியின் பொருள் இதுவே. உஸ்மானிய வில்லாளிகள் பட்டு நாணின் இரு முனைகளிலும் கண்ணிகளைத் தனியே செய்து பிணைத்தனர். தேய்வது கண்ணியாயின், அதை மட்டும் மாற்றினால் போதுமல்லவா?

துருக்கிய மரபு வில்வித்தை 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று மரபு வில் பயில்வோர் பலர் பாலியெஸ்டர் நாணையே பூட்டுகின்றனர். இது மரபுக்கு இழுக்கு என்பாருடன் நாம் உடன்படுவதற்கில்லை. முன்னோரும் கிடைத்தவற்றுள் தக்கதையே தேர்ந்தனர். ஆனால், சிறிதும் நீளாத புதிய இழைகள் அனைத்தும் மேலானவை என்பதும் பிழை. அம்பு பிரியும் கணத்தின் அதிர்ச்சியை நாண் சிறிதேனும் தாங்காவிடில், மரம், கொம்பு, தசைநார் ஆகியவற்றை ஒட்டிச் செய்த வில்லின் முனைகள் அதனைத் தாங்க நேரும். அளவுகோல் பழமையுமன்று, புதுமையுமன்று, பொருத்தமே.

இத்தகைய நூல்களைத் தமிழாக்க முனைவோர் 1945ஆம் ஆண்டுப் பதிப்பிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. அரபு கற்ற ஆலிமும் கைத்தொழில் அறிந்தவரும் ஒருங்கே அமர வேண்டும். சிறப்புரைகளை மட்டும் பெயர்த்து நிறுத்தினால், நம் கையில் வில் இருக்கும், நாண் இராது.