உஷா உதுப்

உஷா உதுப் (பிறப்பு: நவம்பர் 7, 1947) ஆங்கில பாப், ஜாஸ் பாடல்களை இந்திய மேடைகளில் பாடிப் புகழ்பெற்ற பாடகி. தொடக்கத்தில் உஷா ஐயர் என்ற பெயரில் பாடினார். 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்றார்.

இளமை

மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை காவல்துறை அதிகாரி. கனத்த குரல் பாட்டுக்குப் பொருந்தாது என்று பள்ளியில் இசை வகுப்பிலிருந்து விலக்கப்பட்டதை உஷா பல பேட்டிகளில் கூறியுள்ளார். முறையான இசைப் பயிற்சி பெறவில்லை. வீட்டு வானொலியும் உடன்பாடிய சகோதரிகளுமே அவருக்குப் பள்ளி. சிறுமியாக இலங்கை வானொலி நிகழ்ச்சியிலும் பாடினார்.

மேடை

1960களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில், சபையர் திரையரங்க வளாகத்தின் அடித்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ இரவு விடுதியில் பாடத் தொடங்கினார். பிறகு மும்பை, கொல்கத்தா, தில்லி விடுதிகளில் பாடினார். கொல்கத்தா பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’ அவருக்கு நிலையான மேடையானது. மேற்கத்திய உடையில் பாடகியர் தோன்றிய விடுதிகளில் அவர் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக நின்றார்.

1980களில் அவர் பாட்டு பண்பாட்டைக் கெடுப்பதாக மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் குறை கூறினார். அரசு அரங்கில் பாட அனுமதி மறுக்கப்பட்டது. உஷா நீதிமன்றம் சென்று வென்றார்.

ஒலிப்பதிவுகள்

தொடக்க கால இசைத்தட்டில் ‘ஜம்பலாயா’, ‘கிரீன்பேக் டாலர்’ ஆகிய அமெரிக்கப் பாடல்களைப் பாடினார். நைரோபியில் நடந்த நிகழ்ச்சியும் இசைத்தட்டாக வந்தது. கென்யாவில் சுவாஹிலி மொழியிலும் பாடினார்.

இந்தித் திரையில் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ (1971) வழியாக அறிமுகமானார். ‘பியாரா துஷ்மன்’ (1980), ‘அர்மான்’ (1981), ‘டிஸ்கோ டான்சர்’ (1982) படங்களில் பப்பி லஹிரி இசையில் பாடியவை பெரும் புகழ் பெற்றன. தமிழில் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘மேல்நாட்டு மருமகள்’ (1975) படத்தில் ஆங்கிலப் பாடலையும், இளையராஜா இசையில் ‘அஞ்சலி’ (1990) படத்தில் ‘வேகம் வேகம்’ பாடலையும் பாடினார்.

மதிப்பீடு

கர்நாடக இசையில் மனோதர்மம் எப்படியோ, ஜாஸ் இசையில் மூல மெட்டை அந்த நேரத்துக்கேற்ப விரித்துப் பாடுவது அப்படி. இந்த அளவுகோலின்படி உஷா முழுமையான ஜாஸ் பாடகி அல்லர். மெட்டை அவர் அதிகம் விரிப்பதில்லை. ஜாஸிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது தாளத்தைச் சற்றுப் பிந்தித் தொடும் நிதானம், சொல்லைப் பேசுவது போல் வைக்கும் தெளிவு, கேட்போருடன் உரையாடும் பாங்கு ஆகியவையே.

இந்தத் திறன்களைத் திரைப்பதிவுகள் குறைவாகவே பயன்படுத்தின. ‘பியாரா துஷ்மன்’, ‘டிஸ்கோ டான்சர்’ படங்களில் அவர் பாடிய புகழ்பெற்ற மெட்டுகள் மேல்நாட்டுப் பாடல்களைத் தழுவியவை. 2012-ல் அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருது பெற்றுத்தந்த ‘டார்லிங்’ பாடலும் ரஷ்ய நாட்டுப்புற மெட்டின் தழுவலே. தமிழ்த் திரையிசை அக்காலத்தில் பெண்குரல் என்றால் மெல்லியதாக, உச்சத்தில் ஒலிப்பதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது. அதனால் கனத்த குரல் ‘மேல்நாட்டு’ அடையாளமாகச் சுருங்கியது. ‘மேல்நாட்டு மருமகள்’ இதற்கு நேரடிச் சான்று. அக்குரலைத் தமிழ்ச் சொற்களோடு இயல்பாகப் பொருத்தியது ‘வேகம் வேகம்’. அந்த வழி தமிழில் போதிய அளவு தொடரப்படவில்லை.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற இரவு விடுதிகள் இல்லாத ஊர்களுக்கு அவர் குரல் திரைப்பாடலாகவே வந்து சேர்ந்தது. எனவே அவரைத் துள்ளல் பாட்டுக்காரராக மட்டும் அறிந்தோர் பலர். தொடக்க கால ஆங்கிலப் பதிவுகளையும் மேடைப் பதிவுகளையும் கேட்ட பின்னரே அவரை மதிப்பிட முடியும். பாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட குரலை, அதன் இயல்பை மாற்றாமலே, அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் நிறுத்தியதே உஷா உதுப்பின் முதன்மையான பங்களிப்பு.